அறுபதுக்கு மேல் ஆயில் பெயின்டிங்: மாடித் தோட்டத்தை வரைவது பற்றி

மாம்பலம்மாடி | திங்கள், காலை 10.15

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் இருக்கிறேன். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வயது 61. பள்ளிக்கூடத்தோடு விட்ட படம் வரைவதை இப்போது மறுபடி தொட்டிருக்கிறேன். மோனே, பிஸ்ஸாரோ, பெர்த் மொரிஸோ ஆகிய இம்ப்ரெஷனிஸ்டுகள் (பிரான்ஸில் மாறும் வெளிச்சத்தைப் பிடித்து வரைந்த ஓவியர்கள்) வரைந்த தோட்டப் படங்களைப் பார்த்துப் பார்த்து, வரைந்தால் எண்ணெய் வண்ணத்தில்தான் வரைவது என்று ஒரு பிடிவாதம். தோட்டத்துக்கு வெளியே போக வேண்டாம், மாடியிலேயே இருக்கிறது. செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, சிமென்ட் தொட்டியில் அல்லி. பக்கத்து வீட்டுக் காகிதப்பூ எங்கள் கைப்பிடிச் சுவரில்தான் பூக்கிறது.

சிக்கல் இதுதான்: இலை எல்லாம் ஒரே பச்சையாக நிற்கிறது. பூ மட்டும் ஸ்டிக்கர் ஒட்டியது போலத் தனியாகத் தெரிகிறது. ஒரு வகுப்பில் போய் விசாரித்தேன். "உங்கள் வயதுக்குத் தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொள்ளுங்களேன் அம்மா" என்றார்கள். தஞ்சாவூர் ஓவியத்தோடு எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. நான் கேட்டது அது இல்லை, அவ்வளவுதான்.

சென்னை வெயிலிலும் புழுக்கத்திலும் எண்ணெய் வண்ணம் சரிப்படுமா? பச்சையை என்ன செய்வது? தாமதமாகத் தொடங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தைலவாசனை | திங்கள், பகல் 12.40

வாருங்கள் மேடம். நானும் ஓய்வுக்குப் பிறகு தொடங்கியவன்தான், பெரம்பூர்.

பச்சையிலிருந்து வருகிறேன். ட்யூபில் வரும் சாப் கிரீனை அப்படியே பிதுக்கிப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கொஞ்ச நாளைக்கு அந்த ட்யூபை அலமாரியில் வைத்துவிடுங்கள். மஞ்சளும் நீலமும் கலந்து நீங்களே பச்சை செய்யுங்கள். லெமன் மஞ்சளும் கோபால்ட் நீலமும் சேர்ந்தால் புங்கன் கொழுந்து. காட்மியம் மஞ்சளும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் கொஞ்சம் அடங்கிய பச்சை, செம்பருத்தியின் முற்றிய இலைக்குச் சரியாக வரும். ஐவரி கறுப்பில் மஞ்சள் கலந்து பாருங்கள், ஆலிவ் பச்சை வரும். பலருக்கு நம்பிக்கையே வராது. எந்தப் பச்சை கூசினாலும் துளி சிவப்பு விட்டால் அடங்கிவிடும்.

இன்னொன்று, இலை பளபளப்பானது. செம்பருத்தி இலையின் மேல்பக்கம் வானத்தைப் பிரதிபலிக்கும். காலையில் பார்த்தால் அது பச்சையே இல்லை, வெளிர்நீலம். அதே இலை வெயிலுக்கு எதிராக இருந்து வெளிச்சம் ஊடுருவி வந்தால் எலுமிச்சை மஞ்சள். ஒரே செடியில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பூ ஒட்டியது போலத் தெரிவதற்கும் இதுதான் காரணம். இலையெல்லாம் ஒரே நிறமாக இருந்தால் பூவுக்கு ஒண்ட இடமில்லை.

கிரீம்ஸ்ரோடுவாசி | திங்கள், பகல் 2.05

யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்: சென்னையில் எதற்கு ஆயில்? அக்ரிலிக் அரை மணியில் காயும், நாற்றம் இல்லை, தண்ணீரில் கழுவலாம். ஐப்பசி மழையில் ஆயில் படம் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். கான்வாஸ் முதுகில் பூஞ்சை பிடிக்கும். அறுபது வயதில், எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கிற டர்பன்டைனை மூச்சில் இழுக்க வேண்டுமா?

தைலவாசனை | திங்கள், மாலை 6.30

பூஞ்சை உண்மை. மழைக் காலத்தில் படத்தைச் சுவரை ஒட்டிச் சாய்த்து வைக்காமல் முதுகில் காற்றுப் படும்படி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனால் சென்னையில் ஆயில் நிற்காது என்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்து ஓவியக் கூடத்தில் ரவி வர்மாவின் படங்களைப் போய்ப் பாருங்கள். அவர் இறந்தது 1906-இல்.

அக்ரிலிக் அரை மணி என்கிறீர்கள். சித்திரை மாதத்து மொட்டைமாடியில் தட்டில் பிதுக்கிய ஐந்து நிமிடத்தில் அதன் மேல் தோல் கட்டும். ஒரு நிறத்தின் ஓரத்தை இன்னொரு நிறத்துக்குள் இழைக்க நேரமே கிடைக்காது. தோட்டப் படத்தில் ஓரங்கள்தான் உயிர். ஆயில் தண்ணீர் வற்றிக் காய்வதில்லை; எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அந்த நிதானம் புதிதாகத் தொடங்குகிறவருக்கு வரம். பிடிக்கவில்லையா, கத்தியால் வழித்து எடுத்துவிட்டு அங்கேயே மறுபடி போடலாம்.

டர்பன்டைன் பயமும் வேண்டாம். பிரஷ்ஷை முதலில் சமையல் எண்ணெயில் அலசி, துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் அந்த எண்ணெய் கழுவத்தான். வண்ணத்தில் கலக்காதீர்கள். தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் இறுகாது, படம் எத்தனை வருஷமானாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆளிவிதை எண்ணெய் இறுகும், வால்நட் எண்ணெய் இறுகும். ஹார்டுவேர் கடையில் கதவுக்கு அடிக்கக் கொடுக்கிற காய்ச்சிய லின்சீட் ஆயில் வேண்டாம். சீக்கிரம் காயத்தான் காயும், ஆனால் அதில் உலர்த்தி சேர்த்திருப்பார்கள், நிறம் கறுத்துப் போகும். ஓவியத்துக்கென்றே சுத்திகரித்து விற்பதை வாங்குங்கள்.

வேலை பாதியில் நின்றால் தட்டில் இருக்கும் வண்ணம் இறுகாமல் இருக்க ஒரு பழைய வழி, கிராம்புத் தைலம் ஒரு துளி. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வீடெல்லாம் பல் ஆஸ்பத்திரி மணக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

நெறியாளர் | திங்கள், இரவு 9.00

எந்தப் பிராண்ட் மலிவு என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ஓவியம் மட்டும்.

பழைய_எழும்பூர் | செவ்வாய், காலை 5.50

எழும்பூர்க் கவின்கலைக் கல்லூரியில் படித்து, பிறகு விளம்பரத் துறையில் காலம் தள்ளியவன். கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மோனேவைப் பார்த்துச் சென்னைத் தோட்டத்தை வரைகிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். அல்லித் தொட்டிக்கு மேல் ஊதாப் பனிமூட்டம். மாம்பலத்தில் ஏது ஊதாப் பனிமூட்டம்? மார்கழியில் நாலு நாள் இருந்தால் அதிகம். மோனே தோட்டம் போட்ட பிரான்ஸ் நாட்டு ழிவெர்னி, வட அட்சரேகை 49 டிகிரியில் இருக்கிறது. ஜூன் மாத உச்சிவேளையிலும் அங்கே சூரியன் சுமார் 64 டிகிரிக்கு மேல் ஏறாது. நாள் முழுக்க நிழல் சாய்ந்தே கிடக்கும். நாம் இருப்பது 13 டிகிரியில். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அந்த நேரத்தில் செடியைப் பார்த்தால் மேலே வெள்ளையாகக் கொதிக்கும், கீழே இருட்டு, நடுவில் ஒன்றுமில்லை. காலை ஆறரையிலிருந்து எட்டு, மாலை நாலரையிலிருந்து ஆறு. நமக்குக் கொடுத்திருப்பது அவ்வளவுதான்.

இம்ப்ரெஷனிஸ்டுகளிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய நிறங்கள் இல்லை, பார்க்கிற பழக்கம். நிழலைக் கறுப்பு என்று தீர்மானிக்காமல் அது என்ன நிறம் என்று கேட்டார்கள். பாரிஸில் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பட்டறையைக் கவனித்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளர், பக்கத்தில் இருக்கும் நிறம் இன்னொரு நிறத்தை மாற்றிக் காட்டுகிறது என்று 1839-இல் புத்தகமே எழுதினார். அதை உங்கள் மாடியில் பரீட்சை பண்ணிப் பாருங்கள். மஞ்சள் வெயில் விழுந்த சிமென்ட் தரையில் செடி நிழல் நீலமாக இருக்கும். அதே நிழல் செங்கல் தொட்டியின் மேல் ஏறினால் கருஞ்சிவப்பு.

மோனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் வெயிலுக்கு ஸ்பெயின் நாட்டு ஸோரோயா நெருக்கம். வலென்சியாக்காரர், கொளுத்தும் வெயிலை வெளுக்காமல் வரையத் தெரிந்தவர். கடைசிக் காலத்தில் மாட்ரிட்டில் தன் வீட்டுத் தோட்டத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். வெள்ளைச் சுவர், தொட்டிச் செடி, சின்ன நீரூற்று. அந்த வீடுதான் இப்போது அவருடைய அருங்காட்சியகம். படங்களைத் தேடிப் பாருங்கள் அம்மா, உங்கள் கைப்பிடிச் சுவர் அதில் இருக்கும்.

இளங்கொழுந்து | செவ்வாய், காலை 9.20

மோனேவே லேட்டாக ஆரம்பித்தவர்தானே? அல்லிக் குளம் எல்லாம் வயதான பிறகு வரைந்ததுதான். அதனால் மேடம் கவலைப்பட வேண்டாம்! அப்புறம், வெயிலில் நிற்காமல் போனில் போட்டோ எடுத்து ஏசி அறையில் வரையலாமே? நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய_எழும்பூர் | செவ்வாய், காலை 9.45

இல்லை தம்பி. மோனே பதின்ம வயதிலேயே லெ ஆவ்ர் ஊரில் கேலிச்சித்திரம் வரைந்து காசு வாங்கினவர். பூதென் என்ற ஓவியர்தான் பையனை வெளியே இழுத்துப் போய்த் திறந்தவெளியில் வரையப் பழக்கினார். ழிவெர்னிக்குக் குடிபோனது 1883, அல்லிக் குளம் வெட்டியது 1893. அதற்குள் முப்பது வருஷ அனுபவம் கையில் இருந்தது.

தாமதமாகத் தொடங்கியவர் வேண்டுமென்றால் தாகூரைச் சொல். அறுபதுக்கு மேல்தான் ஓவியத்தில் தீவிரமாக இறங்கினார். கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை உருவங்களாக இழுத்ததில் தொடங்கியது, 1930-இல் பாரிஸில் கண்காட்சி. அமெரிக்காவில் கிராண்ட்மா மோசஸ், பண்ணை வீட்டுப் பாட்டி, எழுபது வயதைத் தாண்டி, எண்பதை நெருங்கும்போது வரையத் தொடங்கி 101 வயதில் இறந்தார். இரண்டு பேரும் இம்ப்ரெஷனிஸ்டுகள் இல்லை என்பது வேறு விஷயம்.

போட்டோ: போன் கேமரா வெயிலுக்குத் தகுந்தபடி எடுத்தால் நிழல் கறுத்துவிடும், நிழலுக்குத் தகுந்தபடி எடுத்தால் வானம் வெளுத்துவிடும். நிழலின் நிறத்தைக் கற்றுக்கொள்ளத்தான் இவ்வளவும். அதைப் போட்டோ தின்றுவிட்டால் அப்புறம் எதை வரைவது? கட்டமைப்பு மறக்காமல் இருக்க ஒன்று எடுத்து வைத்துக்கொள், தப்பில்லை.

இளங்கொழுந்து | செவ்வாய், காலை 9.58

சரி சார் 🙏 ஆனால் ஏசி ஏசிதான்.

மயிலைத்தாத்தா | செவ்வாய், மாலை 4.10

இந்த வயதில் வரைகிறவர்களுக்குக் கண் ஒரு பெரிய சங்கதி, யாரும் பேசவில்லை. எனக்கு ஒரு கண்ணில் கண்புரை அறுவை முடிந்து மறுகண்ணுக்குக் காத்திருந்த நாட்களில் வேடிக்கையாக இருந்தது. நந்தியாவட்டைப் பூவை ஒரு கண்ணால் பார்த்தால் வெள்ளை, மற்றதால் பார்த்தால் பழைய காகித நிறம். புரை முற்ற முற்ற மஞ்சளாகி நீலத்தைத் தடுக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் நமக்குத் தெரிவதே இல்லை.

மோனேவுக்கும் இதுதான் நடந்தது. 1923-இல் வலது கண்ணில் அறுவை செய்துகொண்டார். அதற்கு முந்தைய சில வருஷத்துப் படங்களில், குறிப்பாக அவர் தோட்டத்து ஜப்பானியப் பாலத்தை வரைந்ததில், சிவப்பும் பழுப்பும் எப்படி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அதனால் மாம்பலத்து அம்மா, பச்சை ஒரே மாதிரி தெரிகிறது என்றால் கண் டாக்டரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வரையும்போது நிறம் பூசிய கண்ணாடி போடாதீர்கள்.

விரல் வலி பற்றியும் ஒரு வார்த்தை. இன்னொரு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் ரெனுவாருக்கு முடக்குவாதம். கடைசிக் காலத்தில் தெற்கே கான்யூவில் ஒலிவ மரத் தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டு, துணி சுற்றிய விரல்களுக்கு இடையே பிரஷ்ஷைச் செருகி வரைந்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம். பிரஷ் பிடியில் சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டாலே போதும்.

மாம்பலம்மாடி | வியாழன், காலை 11.30

எல்லாருக்கும் நன்றி. கண் டாக்டர், ஆரம்பநிலைப் புரை இருக்கிறது, இப்போதைக்கு அறுவை தேவையில்லை என்றார். மயிலை ஐயாவுக்குத் தனி நன்றி.

பச்சை ட்யூபை ஒளித்து வைத்துவிட்டேன். நேற்றுக் காலை நந்தியாவட்டையை மட்டும் வரைந்தேன். வெள்ளைப் பூ நிழலில் வெள்ளையே இல்லை! கோபால்ட் நீலமும் துளி மஜந்தாவும் வெள்ளையில் கலந்து இதழின் நிழல் பக்கத்தில் வைத்தேன். கழுத்தில் இலையிலிருந்து அடிக்கும் பச்சை. வெயில் பட்ட ஓரத்தில் மட்டும் மஞ்சள் கலந்த வெள்ளை. பூ இப்போது செடியில் இருக்கிறது. அப்பாடா.

ஸோரோயாவையும் பார்த்தேன். பழைய எழும்பூர் சார் சொன்னது நிஜம், அது எங்கள் மாடிதான்.

இரண்டு சந்தேகம். காகிதப்பூவின் நிறம் எப்படிக் கலந்தாலும் வரவில்லை. அப்புறம் படம் மாடியில் நன்றாகத் தெரிகிறது, கூடத்துக்குக் கொண்டுவந்தால் மங்கலாக இருக்கிறது. ஏன்?

தைலவாசனை | வியாழன், பகல் 1.15

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். கான்வாஸ் மேல் நேர் வெயில் விழுந்திருக்கும். வெயிலில் எல்லா நிறமும் வெளிச்சமாகத் தெரிவதால் நம்மை அறியாமல் ஒரு படி கறுப்பாகவே கலப்போம். செடி வெயிலில் நிற்கட்டும், கான்வாஸும் தட்டும் நிழலில் இருக்க வேண்டும். குடை கட்டுங்கள், ஆனால் கறுப்போ சாம்பலோ. சிவப்புக் குடை கட்டினால் படம் முழுக்க அந்தச் சாயல் ஏறும்.

காகிதப்பூவுக்குச் சிவப்பையும் நீலத்தையும் கலந்து பயனில்லை, அழுக்குக் கத்திரிப்பூ நிறம்தான் வரும். குவினாக்ரிடோன் மஜந்தா என்று தனி ட்யூப் உண்டு. பழைய அலிஜரின் கிரிம்ஸன் வெளிச்சத்தில் வெளிறும், அதை நம்ப வேண்டாம். ட்யூபில் இருந்து வந்ததும் கருஞ்சிவப்பாக இருக்கும், வெள்ளை சேர்த்தால்தான் பூ மலரும். ரொம்பச் சேர்த்தால் பஞ்சுமிட்டாய் ஆகிவிடும். அதற்குப் பக்கத்தில் மஞ்சள் சாய்ந்த பச்சையை வையுங்கள், ஷெவ்ரல் மீதியைப் பார்த்துக்கொள்வார்.

மோனே 1905-இல் தன் நிறங்களைப் பற்றிக் கேட்டவருக்கு எழுதியபோது சொன்னது வெள்ளை ஒன்று, வண்ணம் ஐந்து: காட்மியம் மஞ்சள், வெர்மிலியன், மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், விரிடியன் பச்சை. அவருக்கே அது போதுமென்றால் நாம் எதற்கு இருபத்துநாலு ட்யூப் பெட்டி வாங்குகிறோம்?

கிரீம்ஸ்ரோடுவாசி | வியாழன், பகல் 3.00

நான் இன்னும் அக்ரிலிக் கட்சிதான். ஆனால் நந்தியாவட்டை நன்றாக இருக்கும் போலத் தெரிகிறது, படத்தைப் போடுங்கள் மேடம்.

மாடியை விட்டு வெளியே வருவதாக இருந்தால் எங்கே போவீர்கள்? கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா, பழைய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடம். அளவுக்கு மீறி ஒழுங்குபடுத்திய தோட்டம், எனக்கு அது வரைபடத் தாள் மாதிரிதான்.

மயிலைத்தாத்தா | வியாழன், மாலை 5.40

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவை விட்டுவிட்டீர்களே. நடைப்பயிற்சிக்காரர்கள் நின்று நின்று பார்ப்பார்கள், "எவ்வளவுக்கு விற்பீர்கள்" என்று கேட்பார்கள், அதற்கெல்லாம் கூச்சப்படாதவராக இருந்தால் நல்ல இடம். முதலில் மூலை பெஞ்சாகப் பார்த்து முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்காருங்கள். எந்தப் பூங்காவானாலும் படம் தாங்கும் ஈசல் ஸ்டாண்டை நிறுத்துவதற்கு முன் காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தால் ஒன்று கவனியுங்கள். சாயங்காலம் இலை மடங்கத் தொடங்கியதும் மேலே சல்லடை திறந்துவிடும். ஐந்து மணிக்கு நீங்கள் பார்த்த நிழல் ஆறு மணிக்கு இருக்காது. இது ழிவெர்னியில் கிடையாது!

பழைய_எழும்பூர் | வியாழன், இரவு 8.25

அதற்கு மருந்தும் மோனேவிடமே இருக்கிறது. வைக்கோல்போரையும் ரூவான் தேவாலயத்தையும் வரைந்தபோது பல கான்வாஸ்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார். நமக்கு இரண்டு போதும். காலைக்கு ஒரு பலகை, மாலைக்கு ஒரு பலகை. காலைப் படத்தை மாலையில் தொடவே கூடாது. கை பரபரக்கும், கட்டிப்போடுங்கள். பலகை சின்னதாக, ஒரு முழத்துக்கு உள்ளேயே இருக்கட்டும். பெரிய கான்வாஸ் நிரம்புவதற்குள் நம் ஊரில் வெளிச்சம் போய்விடும்.

எங்கள் கல்லூரிக்கும் இது புதிதில்லை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்து மாணவர் பணிக்கர் பிற்பாடு சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் நீர்வண்ண நிலக்காட்சிக்குப் பேர் போனவர். தென்னையும் உப்பங்கழியும் நம் வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்று அவர் படங்களில் படிக்கலாம். எண்ணெய்க்கும் அந்தப் பாடம் செல்லும்.

இளங்கொழுந்து | வெள்ளி, காலை 8.10

இன்று மாடிக்குப் போய் நேரில் வரைந்தேன். ஏசி இல்லாமல்! நிழல் உண்மையிலேயே நீலம். வியர்வையும் உண்மை. எண்ணெய் துடைத்த துணியை எல்லாம் சுருட்டி மாடிக் குப்பைக் கூடையில் போட்டு வைத்திருக்கிறேன், அம்மா பார்ப்பதற்குள் எடுக்க வேண்டும்.

தைலவாசனை | வெள்ளி, காலை 8.22

தம்பி, படித்தவுடனே போய் எடுத்துவிடு. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி காயும்போது சூடு உண்டாகும். பரப்பிப் போட்டால் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டி வைத்தால் உள்ளே ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். கட்டுக்கதை இல்லை. கொடியில் தனித்தனியாக விரித்துப் போட்டு இறுகின பிறகு எறி, இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வை. சித்திரை வெயிலில் விளையாடாதே.

இளங்கொழுந்து | வெள்ளி, காலை 8.31

எடுத்துக் கொடியில் விரித்துவிட்டேன். அம்மா பார்த்தும் விட்டார்.

மாம்பலம்மாடி | வெள்ளி, மாலை 6.50

நாளை காலை லஸ் பூங்காவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். மயிலை ஐயா சொன்ன மூலை பெஞ்ச். ஒரே கவலை, ஈரப் படத்தை ஆட்டோவில் எப்படிக் கொண்டுவருவது? மடியில் வைத்தால் புடவை போச்சு.

மயிலைத்தாத்தா | வெள்ளி, இரவு 7.15

ஒரே அளவில் இரண்டு கான்வாஸ் எடுத்துப் போங்கள் அம்மா. வரைந்ததன் நாலு மூலையிலும் பாட்டில் கார்க்கை வெட்டி ஒவ்வொரு துண்டு வைத்து, மற்றதை அதன் மேல் முகத்தோடு முகமாகக் கவிழ்த்து, நாடாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிடுங்கள். நடுவில் இடைவெளி நிற்கும், எதுவும் ஒட்டாது. கடையில் இதற்கென்று கான்வாஸ் பின் (ஊசி) விற்கிறார்கள், தேவையில்லை. ஆறரைக்குள் வந்துவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் அந்த மூலையில் வெயில் வந்துவிடும்.

பழைய_எழும்பூர் | வெள்ளி, இரவு 7.40

நானும் வருகிறேன். சாம்பல் நிறக் குடை என்னிடம் ஒன்று இருக்கிறது.